கடைமடைப் பல்

சவரி,
உரக்கடை பில் புத்தகத்தின் பின்பக்கத்தில்
உனக்காக எழுதுகிறேன்.
முன்பக்கத்தில் டிஏபி இரண்டு மூட்டை,
நிரவி ராசாங்கம், கடன்.
பின்பக்கத்தில் உன் வாய்.

பல்லுக்கு அங்கே பெயர் தான்.
எழுதினால் கடைசியில் ஒரு 'ட்' நிற்கும்,
சொல்லும்போது விழுங்கிவிட வேண்டும்.
'ன்'னையும் முழுசாகச் சொல்லாதே, மூக்கில் விடு,
சளி பிடித்தவன் 'நான்தான்' என்பது போல.
பல்லைச் சொல்லும் சொல்லுக்கே
கடைசிப் பல் இல்லை என்று
மாலை வகுப்பில் சிரித்தேன்.
மதாம் பெர்னதெத் சிரிக்கவில்லை.

எனக்குப் பல் வலிக்கிறது என்று
அங்கே சொல்ல முடியாது.
ழே மால். என்னிடம் வலி உண்டு.
குடை உண்டு, ரேஷன் கார்டு உண்டு என்பது போல.
நமக்கு வலி வந்து போகிற ஆள்,
அவர்களுக்குக் கையிருப்பு.

ஈறு ழான்சீவ். வேர் ராசின்.
பல் கூச்சத்துக்கு சான்சீப்ள் என்கிறது அகராதி,
சட்டென்று உணர்ந்துவிடுவதாம்.
வெட்கம் அதில் இல்லை.
பெண் பார்க்க வந்த அன்று
காபி டம்ளரை வாயில் வைக்காமலே
ஆறும்வரை பிடித்துக்கொண்டிருந்தாய்.
கூசியது எது என்று
இன்றுவரை நான் கேட்கவில்லை.

உன்னுடையது தான் த சழேஸ்,
அறிவுப் பல்.
எல்லாம் முளைத்து முடிந்த பிறகு
கோட்டுச்சேரிக்குத் தண்ணீர் வருகிற மாதிரி
வருவதும் தெரியாமல், பாய இடமும் இல்லாமல்
வந்து சேர்வது.
பிடுங்காவிட்டால்
வேருக்குள் இருக்கும் வாய்க்காலைத் தூர் வாருவார்கள்.
அரசலாற்றில் பொக்லைன் இறங்குமே,
அதில் கொசு அளவு ஒன்று.
அந்த வேலைக்கு அவர்களிடம் உள்ள வினைச்சொல்
தெவித்தாலிசே, உயிரை எடுப்பது.
பயப்படாதே, பல்லின் உயிரை மட்டும்.

கிரீடத்துக்கு கூரொன். உனக்கு வேண்டாம், விலை அதிகம்.
பாலத்துக்கு போன்.
நமக்கும் அதுதானே.

டாக்டர் கேட்பார்: தெப்புயி கான்?
எத்தனை நாளாக?
பதிலை நான் எழுத வேண்டுமானால்
நீ எனக்குச் சொல்ல வேண்டும்.
நேற்று ராத்திரி கேட்டேன்.
உன் ஓட்டலில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.
"சாம்பல் புதன்லேர்ந்து."

சாம்பல் புதன்.
அதற்குப் பிறகு மேட்டூர் திறந்து
குறுவை நட்டு, பச்சை பிடித்து
யூரியாவுக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்.
அத்தனை ராத்திரியும்
"சாப்பிட்டேன், கறி நல்லாருந்துச்சு" என்றாய்.
எந்தக் கறி? எந்தப் பக்கத்தால் மென்றாய்?

பல் பிடுங்குகிறவன் மாதிரிப் பொய் சொல்கிறான் என்று
அவர்களிடம் ஒரு வழக்கு இருக்கிறது.
பிடுங்கக் கொடுக்கிறவனைப் பற்றி
ஒன்றுமே இல்லை. சேர்த்துக்கொள்ளச் சொல்.
இன்னொன்றும் இருக்கிறது:
ஒருவர்மேல் ஒரு பல் வைத்திருப்பது.
மனசில் வஞ்சம் வைப்பது என்று அர்த்தம்.
உன்மேல் நான் ஒன்று வைத்திருக்கிறேன்.
மரத்துப்போக ஊசி வேண்டாம்,
நீ வரும்வரை அது ஆடாமல் இருக்கட்டும்.

வியாழன் ஒன்பதரை. இங்கே ஒரு மணி,
கடையில் கூட்டம் இருக்கும், எடுக்க மாட்டேன்.
உவ்ரே என்றால் வாயைத் திற.
க்ராஷே என்றால் துப்பு.
இஸி என்றால் இங்கே, விரலால் தொட்டுக் காட்டு.
தாங்கவில்லை என்றால் கையைத் தூக்கு,
அதற்குச் சொல் தேட வேண்டாம்.

ராசாங்கம் வந்து நிற்கிறார்.
இந்தத் தாளைக் கிழித்தால்
அவர் கடனும் சேர்ந்து கிழிந்துவிடும்.
படம் எடுத்து அனுப்புகிறேன்.
ஓரத்தில் என் கட்டைவிரல் விழுந்திருக்கும்,
அதைப் படித்துக்கொண்டு உட்காராதே.